சோலார் பலகையும் கட்டாய உழைப்பும்: அந்த 45 சதவீதம்

செங்கதிர்:
நேற்று நெய்தல் எழுதியது இது: "உலகத்துச் சோலார் பலகைகளில் 45 சதவீதம் கட்டாய உழைப்பில் செய்தவை." எங்கே பிடித்தார் இதை? ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தின் 2021 அறிக்கையில் 45 வருகிறது, சரி. அது சோலார் பலகைக்கு மூலப்பொருளான பாலிசிலிக்கனின் உலக உற்பத்தியில் சீனாவின் சின்ஜியாங் பகுதிக்கு இருந்த பங்கு. பலகைக் கணக்கும் அல்ல, கட்டாய உழைப்புக் கணக்கும் அல்ல.

நெய்தல்:
அங்குள்ள நான்கு பாலிசிலிக்கன் நிறுவனங்களுமே அரசின் தொழிலாளர் இடமாற்றத் திட்டங்களோடு நேராகவோ, மூலப்பொருள் தருபவர் வழியாகவோ தொடர்புடையவை என்று அதே அறிக்கை சொல்கிறதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? மறுத்தால் தடுப்பு முகாம் என்ற பயத்தில் ஆலைக்குப் போகிற, அந்தப் பகுதியின் உய்குர் இனத் தொழிலாளிக்கு 45ஆ, 35ஆ என்பதா கவலை?

செங்கதிர்:
விழுங்கவில்லை. "தொடர்புடையவை" வேறு, "முழுக்க அப்படிச் செய்தவை" வேறு. அந்த 35ஐயும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதே பல்கலைக்கழகத்தின் 2023 அறிக்கையில் பங்கு அவ்வளவுக்கு இறங்கியாயிற்று. பழைய எண்ணையே இன்னும் எதற்குச் சுமக்கிறீர்கள்?

கருவேலம்:
சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு 29ஆவது உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறது: தண்டனை மிரட்டலில், தானாக முன்வராதவரிடம் வாங்கும் வேலைதான் கட்டாய உழைப்பு. இதை வைத்துக்கொண்டு பேசலாமே?

செங்கதிர்:
அது இருக்கட்டும் ஐயா. 45 பலகையா, பாலிசிலிக்கனா?

மேகவண்ணன்:
இரண்டும் இல்லை, அமெரிக்க வியாபாரம். 2022 ஜூன் 21 முதல் அவர்கள் சட்டப்படி சின்ஜியாங் சரக்கு என்றாலே கட்டாய உழைப்புதான் என்று வைத்துக்கொண்டு, இல்லையென்று இறக்குமதி செய்பவர் நிரூபிக்க வேண்டுமாம். அந்த 29ஆவது உடன்படிக்கையைச் சீனாவும் 2022 ஆகஸ்டில் ஏற்றுவிட்டது, தெரியுமா?

நெய்தல்:
ஏற்றுக்கொண்டால் மிரட்டல் நின்றுவிடுமா? அங்கே போய்த் தணிக்கை செய்யவே முடியாது என்று பெரிய தணிக்கை நிறுவனங்கள் 2020இலேயே விலகிக்கொண்டன. பக்கத்தில் அதிகாரி நிற்கையில் எந்தத் தொழிலாளி வாய் திறப்பார்?

செங்கதிர்:
மேகவண்ணன், நான் எண்ணைத்தான் மறுக்கிறேன், கொடுமையை அல்ல. என்னை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள். உண்மையான சிக்கலை இங்கே ஒருவரும் தொடவில்லை. பல ஆலைகளின் பாலிசிலிக்கனை ஒரே உலையில் கலந்து உருக்கிப் பாளமாக்குகிறார்கள். அதற்குப் பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பலகையைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. சில நிறுவனங்கள் அமெரிக்காவுக்குத் தனி உற்பத்தி வரிசை வைத்துச் 'சுத்தமான' பலகை அனுப்புகின்றன. மிச்சம் மற்ற நாடுகளுக்குப் போகிறது. தொழிலாளியின் நிலை அப்படியே இருக்கிறது. கட்டாய உழைப்புப் பொருள்களுக்கான ஐரோப்பியத் தடை 2027 டிசம்பர் 14இல்தான் நடைமுறைக்கு வரும். அதிலும் நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரிகள் தலையில். இப்படி ஓட்டை இருக்கும்போது தப்பான எண்ணைக் கொண்டுபோனால், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் உடைக்கும். வழக்கே சரிந்துவிடும். அதனால்தான் கேட்கிறேன்: 45 எதில்?

நெய்தல்:
இதே செங்கதிர்தான் காற்றாலை இறக்கைக்காக ஈக்வடார் காடுகளில் பால்சா மரம் வெட்டுவதைப் பேசியபோதும் "எத்தனை மரம்?" என்று மூன்று நாள் கேட்டவர். மறக்கவில்லை அண்ணா.

செங்கதிர்:
அன்றைக்கும் நீங்கள் எண் தரவில்லை. நானும் மறக்கவில்லை.

பொன்வண்டு:
மின்கலத்துக்குப் போகும் காங்கோ கோபால்ட் உலோகத்தை மறந்துவிட்டீர்கள். மின்கலம் இல்லாமல் சோலார் மின்சாரத்தை ராத்திரிக்கு எப்படிச் சேர்த்து வைப்பது? அங்கே கையால் தோண்டும் குழிகளில் குழந்தைகள் வேலை செய்கிறார்கள்.

மேகவண்ணன்:
இப்போது வரும் பெரிய சேமிப்பு மின்கலங்களில் பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட்தான், கோபால்ட்டே கிடையாது. படித்துவிட்டு வாருங்கள்.

பொன்வண்டு:
உங்களிடம் படிக்கும் நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை.

செங்கதிர்:
கோபால்ட்டுக்குத் தனி இழை போடுங்கள். நெய்தல், பலகைகளில் 45 என்று அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பக்க எண்?

நெய்தல்:
பாலிசிலிக்கன் இல்லாமல் பலகை ஏது என்று கேட்கிறேன், அதற்கு முதலில் பதில்.

செங்கதிர்:
காட்மியம் டெல்லுரைடு என்ற வேறு பொருளில் செய்யும் மென்படலப் பலகையில் பாலிசிலிக்கன் கிடையாது. பதில் சொல்லியாயிற்று. பக்க எண்?