ஊதா பிராக்கோலி: விதை போட்டு வளர்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லெஸ்டரிலிருந்து:

கடையில் கிடைக்கும் பச்சை பிராக்கோலி மாதிரி இதில் ஒரே பெரிய பூ வராது. செடி முழுக்கக் குருத்து குருத்தாக வரும், ஒவ்வொரு நுனியிலும் ஊதா மொட்டுக் கொத்து. இங்கே இங்கிலாந்தில் பர்ப்பிள் ஸ்ப்ரவுட்டிங் என்பார்கள்.

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் குழித்தட்டில் விதைத்தேன். விதையைக் கையில் கொட்டினால் அப்படியே கடுகு. இரண்டும் ஒரே குடும்பம்தானே. ஒரு வாரத்தில் முளைத்தது. ஜூனில் நாற்றை அலாட்மென்டுக்கு (வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டு) கொண்டுபோய் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டேன். நட்டதும் சுற்றிலும் காலால் மிதித்து மண்ணை இறுக்க வேண்டும். நான் பொலபொலவென்று விட்டதில் அக்டோபர் காற்றுக்கு இரண்டு செடி சாய்ந்தே போயின.

டிசம்பரில் செடி இடுப்பளவு நின்றது, ஆனால் வெறும் இலை. பிடுங்கிவிட்டுப் பூண்டு போடலாம் என்று மண்வெட்டியோடு போனேன். பக்கத்துப் பாத்திப் பெரியவர் தடுத்தார். இந்த ரகத்துக்குக் குளிர் பட்டால்தான் மொட்டு வரும் என்றார். மார்ச் முதல் வாரம் இலைக்காம்பை விலக்கிப் பார்க்கிறேன், இடுக்கில் சுண்டுவிரல் நுனியளவு ஊதா! அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை. நடுப்பூவை முதலில் வெட்டினேன். அப்புறம் ஏப்ரல் முடிய, கிள்ளக் கிள்ளப் பக்கக் குருத்து வந்துகொண்டே இருந்தது. தோட்டத்தில் வேறு எதுவும் இல்லாத மாதங்கள் அவை.

லண்டனிலிருந்து:

அக்கா, எனக்குப் புறாதான் எதிரி. ஒரு ஜனவரியில் வலை போடாமல் விட்டேன், இரண்டே நாளில் நரம்பு மட்டும் மிச்சம். வலை இலையில் படாமல் உயர்த்திக் கட்டுங்கோ. பட்டால் மேலே இருந்தே கொத்தும். கோடையில் வெள்ளை வண்ணத்துப்பூச்சி வரும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். அப்போதே நசுக்கிவிட்டால் புழுத் தொல்லை பாதி குறையும்.

சமைக்கும்போது பிள்ளைகளுக்கு ஏமாற்றம்: கொதிநீரில் போட்டதும் ஊதா தண்ணீரில் இறங்கி, குருத்து பச்சையாகிவிட்டது. இப்போது இரண்டு நிமிஷம் ஆவியில் வைத்து, தேங்காய்ப்பூ போட்டு வறை செய்கிறேன். தண்டையும் எறியாதீர்கள், அதுதான் இனிப்பு.

லெஸ்டரிலிருந்து:

நன்றி தம்பி. இந்த வாரமே வலைக்குக் கம்பு ஊன்றுகிறேன். என்னிடம் விதை மிச்சம் இருக்கிறது, முகவரி அனுப்பினால் தபாலில் போடுகிறேன்.