பழைய சுவர்ச் சுவிட்சை மாற்றாமல் ஸ்மார்ட் விளக்கு: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் விளக்குகளைக் கைப்பேசி வழியாகவும் இயக்க விரும்புகிறேன். ஆனால் பார்வை மங்கிய என் அம்மா, விடியற்காலையில் பூஜையறைக்குப் போகும்போது சுவரைத் தடவித் தட்டும் அந்தச் சுவிட்சு இப்போதுபோலவே வேலை செய்ய வேண்டும். ஸ்மார்ட் பல்பு இதற்கு உதவாது. சுவிட்சை அணைத்தால் பல்புக்கு மின்சாரமே போகாது. எனவே சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தும் சிறு ரிலேதான் (சுவிட்சாலும் கைப்பேசியாலும் விளக்கை இயக்க உதவும் கருவி) சரியென்று எண்ணுகிறேன்.

மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, பெட்டியில் சிவப்புக் கம்பிகள் இரண்டு மட்டுமே இருந்தன. பல ரிலேக்கள் இயங்கத் தேவைப்படும் நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) கூரையில் விளக்கருகிலேயே நின்றுவிடுகிறது. நியூட்ரல் தேவைப்படாத ரிலேயை 5 வாட் எல்இடி பல்புடன் இணைத்தவர்கள், அணைத்த பிறகும் பல்பு மினுக்குகிறதா என்று சொல்லுங்கள். அல்லது ரிலேயைக் கூரையிலேயே வைத்து, அந்த இரண்டு கம்பிகளையும் அதன் சுவிட்சு முனைகளுக்குக் கொடுப்பது மேலானதா? வேலையைப் பதிவுபெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைப்பேன். அதற்குமுன் எதை வாங்குவதென்று தெளிவடைய வேண்டும்.