மகளின் லேப்டாப்பும் 4கே திரையும்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிசைன் படிக்கும் மகளுக்கு 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் அவள் மேசையே நிறைந்துவிட்டது. பழைய எச்டிஎம்ஐ கேபிளில் படம் வருகிறது, ஆனால் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது. லேப்டாப் பழுதா?

— பழுதாக இருக்காது அண்ணே. டிஸ்ப்ளே செட்டிங்கில் 30 ஹெர்ட்ஸ், அதாவது படம் நொடிக்கு 30 முறை மாறும் வேகம், என்று இருக்கிறதா பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே படத்தை (3840×2160 புள்ளிகள்) 30 வரைதான் தாங்கும். 60 வேண்டுமென்றால் 2.0 தேவை. லேப்டாப் போர்ட் 1.4 என்றால் புது எச்டிஎம்ஐ கேபிள் வாங்குவது வீண்.

— யூஎஸ்பி-சி இருக்கிறதா? பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் (படம் அனுப்பும் இன்னொரு வகை இணைப்பு) சின்னம் இருந்தால் அதில் கொடுங்கள். எல்லா யூஎஸ்பி-சியும் படம் அனுப்பாது, சிலது சார்ஜோடு சரி. கேபிளும் அப்படித்தான். போன் சார்ஜர் கேபிளைச் செருகிவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க நான் மல்லுக்கட்டியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

— 30தான்! சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதிக்குப் போய் யூஎஸ்பி-சி டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கி வந்தேன். இப்போது 60, மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எழுத்துதான் எறும்பு மாதிரி இருக்கிறது.

— ரெசல்யூஷனை (புள்ளிகளின் எண்ணிக்கையை) குறைக்காதீர்கள், மங்கிவிடும். எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வையுங்கள்.

— வைத்தாச்சு. அப்பாவுக்கும் கண்ணாடி இல்லாமல் தெரிகிறதாம், மகள் கிண்டல்.