இரணைமடுத் துருசில கரண்ட் எடுக்கேலுமோ?

கனகராயன்: சிறுபோகத்துக்கு (மாரிக்குப் பிறகு செய்யிற வேளாண்மை) இரணைமடுக் குளத்தால தண்ணி விடேக்க, துருசடியில (தண்ணி வெளியில விடுற மதகு) சீறிக்கொண்டு வருது. டேர்பைன் வைச்சால் கிளிநொச்சிக்குக் காணுமோ? கமக்கார அமைப்பில அடிக்கடி எழும்பிற கதை.

வான்கதவு: ஓட்டத்தை (செக்கனுக்குக் கனமீற்றர்) நீருயரத்தால (தண்ணி விழுற உயரம், மீற்றர்) பெருக்கி, புவியீர்ப்பு 9.81 ஆலயும் திறனாலயும் (தண்ணியின்ர சக்தியில கரண்டாய் மாறுற பங்கு) பெருக்கினால் கிலோவாட். குளம் 36 அடியில நிக்கேக்க இழப்புப் போக 8 மீற்றர் எண்டு வைப்பம். 5 கனமீற்றர், 70 வீதத் திறன்: 275 கிலோவாட். மட்டம் இறங்கி 4 மீற்றரானால் பாதி. திறனும் விழும், அதால இன்னும் குறையும். மகாவலியில இருக்கிற விக்டோரியா நீர்மின் நிலையம் 210 மெகாவாட், அதாவது 210,000 கிலோவாட். மலையில கிடைக்கிற உயரம் வன்னியில இல்லை அண்ணை.

மதகுப்பொறி: எனக்குப் பயம் அணைக்கட்டுதான். துருசுக்குப் பின்னால டேர்பைன் பூட்டினால், கட்டுக்குள்ளால போற குழாய் அழுத்தத்தில நிக்கும். மூட்டு கசிஞ்சால் மண் உள்ளுக்குள்ளயே அரிபடும், வெளியில தெரியேக்க காலம் கடந்திடும். உள்ளுக்கு உருக்குக் குழாய் போட்டு, இடைவெளியை சீமெந்துக் கூழால அடைக்கவேணும். லைன் கரண்ட் நிண்டால் டேர்பைன் கட்டில்லாமல் சுத்தும். வால்வைச் சடாரெண்டு பூட்டினால் குழாய் வெடிக்கலாம். டேர்பைனுக்குப் போகாமல் தண்ணி விடுற பக்கக் குழாய் கட்டாயம், இல்லாட்டி வயலுக்குத் தண்ணி நிண்டுபோம்.

வான்கதவு: உண்மை. மாரியில குளம் நிரம்பேக்க துருசு பூட்டு, அப்ப உற்பத்தியும் இல்லை. முதல்ல நீர்ப்பாசனத் திணைக்களத்திட்ட மூண்டு வருசத் துருசுத் திறப்புப் பதிவை வாங்கி, நாள்நாளாய்க் கணக்குப் பாருங்கோ. கரண்டுக்காக ஒருநாளும் துருசு திறக்கக் கூடாது.