என்ன பிரீட் சார்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தப்போ சென்னை முடிச்சூர் பக்கம் ஒரு கார் ஷெட்டிலிருந்து நாலு நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்தார்கள். கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். மூன்று பிழைத்தன. அதில் ஒன்று எங்கள் முறுக்கு. வாலைப் பார்த்தால் பெயர்க்காரணம் புரியும்.

மூன்றையும் ஏழு வாரம் தன் வீட்டு ஹாலில் வைத்து வளர்த்தவர் ஓர் அக்கா. நாங்கள் குட்டியைப் பார்க்கப் போனோம், அவர் எங்களைப் பார்த்தார். பால்கனிக்கு வலை உண்டா, ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள், வளர்ந்ததும் கருத்தடை செய்வீர்களா... பெண் கேட்டுப் போனபோது என் மாமனார்கூட இவ்வளவு கேட்கவில்லை.

தடுப்பூசி அட்டை, அக்கா கையால் எழுதிய ஒரு தாள், குட்டிகள் படுத்த பழைய நைட்டித் துண்டு, இவற்றோடு வந்து சேர்ந்தான். சோறும் கோழியும் உப்பில்லாமல் வேகவைத்து வைத்தோம். மோந்துகூடப் பார்க்கவில்லை. "பால் ஊத்திப் பாருடா" என்றார் அம்மா. மடமடவென்று குடித்தான். விடியவிடியக் கழிச்சல். குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ வைரஸ் நோயோ என்று பதறி டாக்டரிடம் ஓடினால், இல்லை, பசும்பால் செய்த வேலை. அக்கா தாளில் முதல் வரியே "பால் வேண்டாம்". நான்தான் படிக்கவில்லை.

வயிறு சரியான பிறகும் சாப்பிடவில்லை. அக்காவுக்கு போன் போட்டேன். "அவன் தனியா சாப்பிட்டதே இல்ல தம்பி. மூணும் ஒரே தாம்பாளத்துல முட்டி மோதித்தான் தின்னும்."

அன்று ராத்திரி என் தட்டையும் தரையில் வைத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் ரசம் சாதம் பிசையும் சத்தத்துக்கு இடது காது நிமிர்ந்தது (வலது எப்போதும் மடிந்தேதான் இருக்கும்). என் முழங்காலை முட்டித் தள்ளிவிட்டு அவன் தட்டில் வாய் வைத்தான். இப்போதும் அப்படித்தான், யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும்.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்குமாம். 16 வாரத்து ஊசி முடியும்வரை தெருவில் இறக்காமல் தூக்கிக்கொண்டே அலைந்தேன். பார்ப்பவர்கள் எல்லாம் "என்ன பிரீட் சார், சிப்பிப்பாறை கிராஸா?" என்பார்கள். கால் நீளத்தைப் பார்த்து டாக்டரும் இருக்கலாம் என்றார். மற்றபடி சுத்தமான தெருநாய். நான் "முடிச்சூர்" என்பேன். பலர் சிரித்துவிடுவார்கள், ஒருவர் மட்டும் "குட்டி என்ன விலை போகுது?" என்று கேட்டார்.

*

முறுக்கு கதை படித்தேன். நான் அந்த அக்கா கட்சி, கோவையில் இப்படிக் குட்டிகளை வளர்த்துக் கொடுக்கிறேன். ஒருமுறை எதுவும் கேட்காமல் ஒரு பெண் குட்டியைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் எதேச்சையாகப் போனால் மொட்டை மாடி வெயிலில் கட்டிப் போட்டிருந்தார்கள். அங்கேயே அவிழ்த்துத் தூக்கி வந்துவிட்டேன். அதிலிருந்து மாமனார் வேலைதான் பார்க்கிறேன், கோவிக்காதீர்கள். துண்டு கொடுத்தனுப்புவது நல்ல யோசனை, நானும் செய்கிறேன்.

*

நானும் ஒரு வாசகர்தான். எங்கள் செம்பியும் முறுக்கு மாதிரி வந்தவள்தான். அவள் சமர்த்து, அபார்ட்மென்ட் சங்கம்தான் படுத்தியது. லிஃப்டில் நாய் கூடாதென்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்படித் தடுக்கக் கூடாதென்று விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்து நான் பக்கத்தில் ஒட்டினேன். ரெண்டு காகிதமும் இன்னும் இருக்கு. செம்பி அதுக்குக் கீழே உட்கார்ந்து லிஃப்ட் வரக் காத்திருப்பாள்.