பெட்ரோல் ஹெட்ஜ் ட்ரிம்மர் சோக்குல ஓடுது, சோக்கை எடுத்தா நின்னுடுது. பூட்டி வைக்கிறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

சிலேத்தார் மருமகன்:
வணக்கம். மாமனாரோட தரைவீட்டுல முன்வேலி முழுக்க இட்லிப்பூச் செடி. அதை வெட்ட டூ ஸ்ட்ரோக் ஹெட்ஜ் ட்ரிம்மர் ஒண்ணு வச்சிருக்கார். பல மாசமா கார் நிறுத்துற இடத்துல, டேங்க்ல பெட்ரோலோட அப்படியே கிடந்தது. இப்ப சோக் போட்டு இழுத்தா ஸ்டார்ட் ஆகுது. சோக்கை எடுத்துட்டு ஆக்சிலரேட்டரை அமுக்கினா அணைஞ்சிடுது. புது பிளக் போட்டாச்சு, ஏர் ஃபில்டர் கழுவியாச்சு, பலன் இல்ல. கடையில கேட்டா கார்ப்ரேட்டரையே (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்) மாத்தணும்கிறாங்க.

இன்னொரு விஷயம், டிசம்பர்ல ரெண்டு பேரும் ஊருக்குப் போனா பங்குனி கழிச்சுதான் திரும்புவாங்க. அதுவரைக்கும் மெஷினை எப்படி வைக்கிறது? நான் இருக்கிறது பொங்கோல்ல வீவக அடுக்குமாடி வீடு, இங்க தூக்கிட்டு வர முடியாது.

உட்லண்ட்ஸ் 83:
கார்ப்ரேட்டர் பக்கத்துல எல், எச்னு பெட்ரோல் அளவை மாத்துற ரெண்டு ஸ்க்ரூ இருக்கும். எச்-ஐக் கொஞ்சம் வெளியே திருப்பி விடுங்க, சரியாயிடும்.

புல்வெட்டி அண்ணன்:
ஸ்க்ரூவை இப்போதைக்குத் தொடாதீங்க சார். போன வருஷம் நல்லா ஓடின மெஷின்தானே? ஸ்க்ரூ தானா திரும்பாது. சோக் போட்டா காத்து குறையுது, அதனால ஓடுது. அப்போ இன்ஜினுக்குப் பெட்ரோல் பத்தல, இல்லேன்னா எங்கேயோ கூடுதலா காத்து இழுக்குது. அதைக் கண்டுபிடிக்காம கார்ப்ரேட்டரை மாத்தினா காசுக்குப் பிடிச்ச கேடு.

முதல்ல பழைய பெட்ரோலை இறக்கிட்டுப் புதுசா கலந்து ஊத்துங்க. 50:1 மெஷின்னா ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்), 25:1-னா 40 மில்லி. எதுன்னு டேங்க் மூடியிலயோ மேனுவல்லயோ போட்டிருக்கும். அப்புறம் கார்ப்ரேட்டர் அடியில இருக்கிற ரப்பர் பல்பை அமுக்கிப் பாருங்க. அமுக்கினது எழும்பாம சப்பையாவே நின்னா டேங்க் உள்ள இருக்கிற ஃபில்டர் அடைப்பு. எழும்பி, எத்தனை தடவை அமுக்கினாலும் நுரை நுரையா குமிழி வந்துட்டே இருந்தா டியூப்ல விரிசல். குமிழி இல்லாம கெட்டியா பெட்ரோல் நிறைஞ்சும் ஓடலேன்னா, அப்போ கார்ப்ரேட்டரைக் கழட்டலாம். உள்ள இருக்கிற டயாஃப்ரம், அதாவது மெல்லிசான சவ்வு, தகடு மாதிரி விறைச்சுப் போயிருக்கும், ரிப்பேர் கிட் மட்டும் வாங்கினா போதும்.

பிளேடு பக்கம் கை போகுதுன்னா பிளக் கேப்பை முதல்ல உருவிடுங்க. நாங்க சைட்ல அதைச் செய்யாம யாரையும் தொட விடமாட்டோம்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்:
தம்பி சொல்வது சரி. இறக்கிய பழைய பெட்ரோலை மட்டும் வீட்டு வாசல் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள். நம் சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வாசல் கால்வாயில் போவது கடைசியில் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். மூடியுள்ள கேனில் பிடித்துத் தெரிந்த கார் ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். கழிவு எண்ணெய் எடுக்க அவர்களிடம் ஆள் வருவார்கள்.

சிலேத்தார் மருமகன்:
பெட்ரோல் மாத்திட்டு பல்பை அமுக்கினேன், குமிழி நிக்கவே இல்ல. டேங்க்குள்ள டியூப் நுழையுற இடத்துல வளைச்சுப் பார்த்தா மெல்லிசா ஒரு கீறல், விரல்ல பெட்ரோல் ஒட்டுது. டியூப் அப்பளமா நொறுங்குது! ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில டியூப்பும் ஃபில்டரும் சில வெள்ளிக்கே கிடைச்சுது. மாத்தினதும் ஓடிடுச்சு. ரொம்ப நன்றிண்ணே. இனி பூட்டி வைக்கிற கதை சொல்லுங்க.

உட்லண்ட்ஸ் 83:
டேங்க்கை முழுசா நிரப்பி வச்சா துரு பிடிக்காதுன்னு கேள்விப்பட்டேன்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்:
அது இரும்பு டேங்க் உள்ள மோட்டார் சைக்கிளுக்குச் சொன்னது. இது பிளாஸ்டிக் டேங்க், துருப்பிடிக்க என்ன இருக்கிறது? நின்றுபோன பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுவது பிசின். கார்ப்ரேட்டரின் ஊசித்துளையை அடைப்பது அதுதான். காலி செய்துவிட்டு வையுங்கள்.

புல்வெட்டி அண்ணன்:
ஆமா சார். வெளியில, காத்தோட்டமான இடத்துல, இன்ஜின் ஆறினதும் டேங்க்ல இருக்கிற பெட்ரோலை இறக்குங்க. பல்பை நாலஞ்சு தடவை அமுக்கி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலரேட்டரை அமுக்காம ஐடிலிங்ல தானா நிக்கிற வரைக்கும் விடுங்க. பெட்ரோல் ஈரம் மிஞ்சினா கார்ப்ரேட்டர் டயாஃப்ரம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இன்ஜின் ஆறினதும் பிளக்கைக் கழட்டி, அந்தத் துளையில 2டி ஆயில் கொஞ்சூண்டு விட்டு, கயிறை மெதுவா ரெண்டு மூணு தடவை இழுத்துட்டு பிளக்கைத் திரும்பப் போட்டுடுங்க. முகத்தைத் துளைக்கு நேரா வைக்காதீங்க, ஆயில் தெறிக்கும்.

பிளேடுதான் நம்ம ஊர் ஈரத்துல முதல்ல போகும். செடிச்சாறு காய்ஞ்சு கறுப்பா பல்லு இடுக்குல பிடிச்சிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்து, துணியால துடைச்சு, ஆயில் தடவுங்க. அதுக்கப்புறம் எல்லாரும் கோட்டை விடுறது பிளேடு உறையில. பழைய இலைச் சருகு உள்ளயே ஈரமா ஒட்டியிருக்கும், அதுல பிளேடைச் சொருகினா நாமளே துருவுக்குப் பாய் விரிச்ச மாதிரி. உறையைக் கவுத்துத் தட்டி, கழுவி, வெயில்ல காய வச்சுட்டுப் போடுங்க. கியர் பாக்ஸ்ல நிப்பிள் இருந்தா கிரீஸும் அடிச்சுடுங்க.

பிளாஸ்டிக் பையில கட்டி வைக்காதீங்க, உள்ள வேர்த்துடும். பழைய பருத்தித் துணி போதும். தரையில போடாம ஆணியில மாட்டுங்க. கேஸ் அடுப்பு, வாட்டர் ஹீட்டர் பக்கம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்:
அடியில் எண்ணெய் சொட்டும் என்று தட்டு வைப்பவர்கள் உண்டு. கார் நிறுத்துமிடத்தில் சாரல் அடித்து அதில் தண்ணீர் தேங்கினால் கொசு. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் கொசுச் சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் யார் பதில் சொல்வது? தட்டே வேண்டாம், அட்டையை விரியுங்கள்.

சிலேத்தார் மருமகன்:
கலந்த பெட்ரோல் அரை லிட்டர் மிச்சம் இருக்கு. கேன்ல மூடி வச்சா அவர் வந்ததும் ஊத்தலாமா?

புல்வெட்டி அண்ணன்:
வேண்டாம் சார், கலந்தது ஒரு மாசத்துக்கு மேல நிக்கக் கூடாது. போறதுக்கு முன்னாடி வேலியை ஒரு தடவை நல்லா ஒட்ட வெட்டி அதைத் தீர்த்துடுங்க, எப்படியும் வர்றதுக்குள்ள வளர்ந்துடும். வந்து முதல் தடவை ஓட்டும்போது வெள்ளையா புகை கிளம்பும். பிளக் துளையில விட்ட ஆயில்தான் எரியுது, கொஞ்ச நேரத்துல நின்னுடும். மாமாகிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடுங்க, இல்லேன்னா மறுபடி கடைக்குத் தூக்கிட்டு ஓடிடுவார்.