மாசக் கடைசி நாள் சாயங்காலம் ஓடி (OT, மிகைநேர வேலை) தாள் வருது, எப்படித் தடுக்கிறது?

கேள்வி:
60 பேருக்குச் சம்பளம், மாசக் கடைசி வேலை நாளில். அன்றைக்கு 4 மணிக்கு மேல்தான் சூப்பர்வைசர்கள் ஓடி தாளை அனுப்புறாங்க, எல்லாமே அவசரம். 20ஆம் தேதியோட நிறுத்திட்டு, பிந்தி வர்றதை அடுத்த மாசச் சம்பளத்தில் போடலாமா?

பதில் 1:
அதை மட்டும் செய்யாதீங்க தம்பி. சம்பளக் காலம் முடிஞ்சு 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓடி காசு, இது சிங்கப்பூர்ச் சட்டம். அடுத்த மாசக் கடைசிக்குத் தள்ளினா கெடு தாண்டிடும். தாளைத் தாமதிச்சது சூப்பர்வைசர், காசுக்குக் காத்திருக்கிறது ஊழியரா? ரெண்டாப் பிரிங்க: மாசக் கடைசியில் அடிப்படைச் சம்பளம், அடுத்த மாசம் 10ஆம் தேதி ஓடி. 10 ஞாயிறில் விழுந்தா முந்தின வெள்ளியே போட்டுடுங்க. சம்பளச் சீட்டில் ஓடி காலத்தைத் தனியாகக் காட்டணும்.

பதில் 2:
அக்கா சொல்றது சரி. கூடவே, திங்கள்தோறும் போன வாரத் தாளை வாங்கிடுங்க. ஒருத்தருக்கு அஞ்சாறு வரிதான், சூப்பர்வைசருக்கும் நினைவிருக்கும். மாசம் முழுக்கச் சேர்ந்தா, மழையில் நனைஞ்ச தாளில் 7 மணியா 9 மணியான்னு போன் போட்டே பொழுது போயிடும். மாசத்துக்கு 72 மணி நேர ஓடி வரம்பை யார் நெருங்குறாங்கன்னும் மூணாவது வாரமே தெரியும். கடைசித் தாளுக்குக் கெடு 3ஆம் தேதி நண்பகல்.

பதில் 3:
மசேநிதியை (மத்திய சேமநிதி, CPF) மறந்துடாதீங்க. அடுத்த மாசம் 14ஆம் தேதிக்குள் கொடுக்கிற ஓடி, வேலை செஞ்ச மாசத்துக் கணக்கில்தான் சேரும். அதனால ஓடி தொகை முடிவான பிறகே சந்தாவை அனுப்புங்க. 14 தாண்டினா மாசம் 1.5% வட்டி.